சென்சரை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

எமது பிரதேசத்தில் 'பெக்கோ' என்று அழைக்கப்படும் அகழ்வு இயந்திரத்தை அறியாதவர்கள் இல்லை. மீள்குடியேற்றத்தின் பின்னர் பற்றை மூடிக் கிடந்த வளவுகளைத் துப்புரவாக்கியதும், தூர்ந்து போயிருந்த குளங்களுக்குக் கட்டுப் போட்டதும், வீதிகளுக்குக் கிரவல் பரவியதும் அதுதான். இன்று எம்மிடையே அதன் உரிமையாளர்களாகவும் சில பெண்கள் இருக்கின்றனர். கணவரை இழந்த பின்னர் அவரது தொழிலைக் கைவிடாது நடத்துபவர்கள், சகோதரருடன் கூட்டுச் சேர்ந்து லீசிங்கில் பழைய இயந்திரம் ஒன்றை எடுத்தவர்கள், மகனை ஒப்பரேற்றராக வைத்துக்கொண்டு கணக்கு வழக்கைத் தாமே பார்ப்பவர்கள் எனப் பலரை நான் அறிவேன்.

இவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு குறை உண்டு. இயந்திரம் பழுதடைந்தால், "அக்கா, இது உங்களுக்கு விளங்காது" என்ற ஒரு வசனத்துடன் பில் நீட்டப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது உதிரிப்பாகங்களின் விலை ஏறிய ஏற்றத்தில், அந்தப் பில்லைப் பார்த்தே இயந்திரத்தை விற்றுவிட்டவர்களும் உள்ளனர். நான் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கனரக இயந்திரங்களின் மின்சார வேலைகளைச் செய்து வருகின்றேன். 'விளங்காது' என்று சொல்லப்படும் பழுதுகளில் ஒன்றை, அதாவது வெப்பநிலைச் சென்சரின் மின்சுற்றில் ஏற்படும் கோளாறை, இங்கு விளங்கப்படுத்தலாம் என்று நினைக்கின்றேன். சமையலறையில் உலை கொதிக்கின்றதா இல்லையா என்று பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

சென்சர் என்ன செய்கின்றது?

பெக்கோவின் எஞ்சினைக் குளிர வைப்பதற்காக றேடியேற்றரில் இருந்து தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீர் அல்ல, கூலன்ற் கலந்த தண்ணீர். அது எவ்வளவு சூடாக இருக்கின்றது என்பதை அறிய, பெருவிரல் அளவிலான சிறு பித்தளைக் குமிழ் ஒன்று எஞ்சினில் திருகப்பட்டிருக்கும். அதுதான் சென்சர். அதனுள்ளே இருப்பது தேர்மிஸ்ரர் எனப்படும் ஒரு சிறு துண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைந்துகொண்டு போகும்.

தடை என்ற சொல் எமக்கு வேறு வகையில் பழக்கமானது. இங்கு அது மின்சாரம் செல்வதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு. அதனை அளக்கும் அலகு ஓம். ஜேர்மனியில் வாழ்ந்த ஜோர்ஜ் சைமன் ஓம் என்ற ஆசிரியரின் பெயர் அது. நான் வேலை பழகிய காலத்தில் "ஓம் பார்த்தாயா?" என்று கேட்பார்கள், நானும் "ஓம்" என்பேன். எந்த ஓம் என்று தெரியாமல் கராஜில் ஒரே சிரிப்பாக இருக்கும்.

பெக்கோக்களில் பரவலாகக் காணப்படும் ஒரு வகை எஞ்சினில் இந்தச் சென்சரின் தடை 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 1,700 முதல் 2,500 ஓம் வரை இருக்கும். 50 பாகையில் 700 முதல் 1,000 வரை. 75 பாகையில் 300 முதல் 450 வரை. 100 பாகையில் 150 முதல் 220 வரை. இயந்திரத்துக்கு இயந்திரம் இது மாறும் என்பதால், தத்தமது இயந்திரத்தின் கைநூலைப் பார்க்கவேண்டும். கைநூல் இல்லை என்றாலும் ஒன்றை மனதில் வைத்திருங்கள். குளிரில் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஓம், கொதியில் நூற்றுக்கணக்குக்கு இறங்கிவிட வேண்டும்.

இனி, எஞ்சினின் கொம்பியூட்டர் இதை எப்படி வாசிக்கின்றது? அது தன்னிடமிருந்து 5 வோல்ற் மின்சாரத்தை, தனக்குள்ளேயே இருக்கும் ஒரு தடையின் ஊடாக ஒரு வயர் வழியே சென்சருக்கு அனுப்புகின்றது. மறு வயர் அதைத் திருப்பிக் கொண்டுவருகின்றது. வீதியில் எவ்வளவு வோல்ற் மிஞ்சி நிற்கின்றது என்பதை வைத்துக்கொண்டு சூட்டைக் கணிக்கின்றது. சென்சர் குளிராக இருந்தால் தடை கூட. ஆகவே வோல்ற்றும் கூடவாக நிற்கும். சூடாக இருந்தால் தடை குறைவு, வோல்ற்றும் குறைந்துவிடும்.

வயர் இரண்டு என்பதை மறக்கவேண்டாம். பலர் போகும் வயரைப் பார்ப்பார்கள், திரும்பி வரும் வயரைப் பார்ப்பதில்லை. 1990 களில் பற்றரி கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் எம்மில் பலர் உள்ளனர். அந்தச் சைக்கிளில் லைற்றுக்கு ஒரு வயர்தான் போகும். திரும்பி வரும் பாதை சைக்கிளின் இரும்புச் சட்டம். லைற் பூட்டிய இடத்தில் கறள் பிடித்தால் வயர் புதிதாக இருந்தாலும் லைற் மின்னி மின்னி எரியும். பெக்கோவிலும் இதே கதைதான்.

'கூட' என்றால் சூடு கூட அல்ல

சுற்றில் எங்காவது வயர் அறுந்தால் மின்சாரம் ஓடாது. ஓடாவிட்டால் 5 வோல்ற்றும் செலவாகாமல் அப்படியே நிற்கும். கொம்பியூட்டர், "வோல்ற் அளவு கூட" என்று ஒரு இலக்கத்தைத் திரையில் போடும். மாறாக, போகும் வயரின் தோல் உரிந்து எஞ்சின் இரும்பில் முட்டினால் வோல்ற் பூச்சியமாகும். அப்போது "வோல்ற் அளவு குறைவு" என்று வேறு இலக்கம் வரும். கொமற்சு பிசி 200-8 போன்ற இயந்திரங்களில் முதலாவது சீ.ஏ. 144, இரண்டாவது சீ.ஏ. 145. வேறு பல இயந்திரங்களில் 110-3, 110-4 என்று காணப்படும். 110 என்பது எஞ்சின் தண்ணீரின் வெப்பநிலையைக் குறிக்கும் இலக்கம். பின்னால் வரும் 3 வோல்ற் கூட, 4 வோல்ற் குறைவு.

இங்கேதான் பெரும்பாலான வீண்செலவு தொடங்குகின்றது. 'வெப்பநிலை', 'கூட' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து வாசித்துவிட்டு எஞ்சின் கொதிக்கின்றது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் வோல்ற் கூட என்றால், கொம்பியூட்டரின் கண்ணுக்கு எஞ்சின் பனிக்கட்டி போலக் குளிர்ந்திருக்கின்றது. வன்னி வெயிலில் அது நடவாது என்று அதற்கும் தெரியும். அதனால்தான் சுற்றில் பிழை என்று முறைப்பாடு செய்கின்றது. எஞ்சின் உண்மையாகவே கொதித்தால் வரும் எச்சரிக்கையின் இலக்கம் வேறு. எனவே திரையில் வந்த இலக்கத்தை அப்படியே ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வது முதல் வேலை. "என்னவோ சிவப்பு லைற் வந்தது" என்று சொன்னால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியானால் லைற்றைக் கவனிக்காமல் ஓடலாமா என்று சிலர் கேட்பார்கள். ஓடக்கூடாது. சூடு எவ்வளவு என்று தெரியாதபோது பல இயந்திரங்களில் கொம்பியூட்டர் விசிறியை முழு வேகத்தில் சுழல விடும். சிலவற்றில் எஞ்சினின் வலுவையும் குறைத்துவிடும். டீசல் வீணாகும், வேலை மந்தமாகும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த நேரத்தில் றேடியேற்றர் உண்மையாகவே ஒழுகிக் கொதித்தாலும் எச்சரிக்கை வராது. ஒரு வயரை அலட்சியம் செய்து எஞ்சினின் தலையையே இழந்தவர்களைக் கண்டிருக்கின்றேன்.

முல்லைத்தீவில் ஒரு குளக்கட்டில்

2023 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய குளத்தின் கட்டைப் பலப்படுத்தும் வேலையில் ஒரு பெக்கோ நின்றது. ஒக்ரோபர் கடைசிக்குள் பெரும்போக மழை தொடங்கிவிடும். அதற்குள் கட்டு முடியாவிட்டால் தண்ணீர் நில்லாது, கீழே உள்ள வயல்களுக்கு அந்தப் போகம் இல்லை. இயந்திரத்தின் உரிமையாளர் 2009 இல் கணவரை இழந்த ஒரு அக்கா. லீசிங் தவணை இரண்டு பிந்தியிருந்தது. மூன்றாவதும் பிந்தினால் இயந்திரத்தை எடுத்துச் சென்றுவிடுவார்கள். கட்டு வேலையின் காசு வந்தால்தான் தவணை கட்டலாம்.

அக்காவின் தொலைபேசி அழைப்பு வந்தபோது அவர் ஏற்கெனவே ஒரு கராஜுக்கு மூன்று முறை பணம் கட்டியிருந்தார். முதலில் றேடியேற்றரைக் கழற்றிக் கழுவித் தேர்மோஸ்ரற் மாற்றினார்கள். பிறகு சென்சர் மாற்றினார்கள். லைற் திரும்ப வர, அந்தப் புதுச் சென்சரும் சரியில்லை என்று இன்னொன்று போட்டார்கள். அதுவும் சரிவராமல், "கொம்பியூட்டர் போட்டுது" என்று சொல்லியிருந்தார்கள்.

"பிள்ளை, ஆறு லச்சம் வேணுமாம். தாலிக்கொடி எப்பவோ போட்டுது. நான் இனி எதை வைக்கிறது?"

"அக்கா, ஒரு சாமானும் வாங்காதேங்கோ. நான் வந்து அளந்து பாத்திட்டுச் சொல்லுறன்" என்றேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் குளத்தடிக்குப் போனேன். மீற்றரைக் கையில் எடுக்கமுன் ஒப்பரேற்றர் தம்பியுடன்தான் கதைத்தேன். இயந்திரத்துடன் நாள் முழுவதும் இருப்பவர் அவர். தம்பி சொன்னார்: "காலமை ஒண்டும் இல்லை அக்கா. ஒரு பத்து மணிக்குப் பிறகுதான், திரும்பித் திரும்பி மண் கொட்டேக்க லைற் வரும். நிப்பாட்டி வைச்சால் போயிடும்."

இந்த இரண்டு வசனங்கள் எனக்குப் பாதி வேலையை முடித்துத் தந்தன. கொம்பியூட்டரோ சென்சரோ செத்துவிட்டால் நிற்கும்போதும் செத்தபடிதான் இருக்கும். சூடாகி, ஆடும்போது மட்டும் வந்து, நின்றதும் போய்விடும் கோளாறு என்றால் ஏதோ ஒன்று தொட்டுத் தொட்டு விடுபடுகின்றது. வயரையும் கனெக்டரையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

திரையில் இருந்த இலக்கம் 'வோல்ற் கூட' என்ற வகையைச் சேர்ந்தது. வேறு இலக்கம் ஒன்றும் இல்லை. அது மிக முக்கியமானது. ஏனென்றால் தண்ணீர், காற்று, டீசல் என்று பல சென்சர்களின் திரும்பும் வயர்கள் வயர்க் கட்டுக்குள் ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து, ஒரே வயராகக் கொம்பியூட்டருக்குப் போவது வழக்கம். பொது வயரில் பழுது என்றால் எல்லாச் சென்சர்களும் ஒன்றாகச் சத்தம் போட்டிருக்கும். ஒன்று மட்டும் முறையிடுவதால் பழுது அந்தச் சென்சருக்கும் வயர்கள் கூடும் இடத்துக்கும் இடையில், அல்லது அதன் போகும் வயரில் இருக்கவேண்டும்.

இயந்திரத்தைச் சம தரையில் நிறுத்தி, பக்கற்றை நிலத்தில் ஊன்றி, பூட்டு நெம்பைப் போட்டு, சாவியை என் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். இதைத் தவறாமல் செய்யுங்கள். விசிறிப் பட்டிக்குப் பக்கத்தில் கை வைத்திருக்கும்போது வேறொருவர் எஞ்சினை இயக்கிவிடக் கூடாது. தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். துப்பட்டா, தொங்கும் மாலை எதுவும் வேண்டாம். சூடான றேடியேற்றரின் மூடியைத் திறக்கவே கூடாது.

எஞ்சின் ஆறியிருந்ததால் முதலில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தேன். தண்ணீர் குறைந்தால் சென்சரின் முனை காற்றில் நின்று பொய் சொல்லும். மட்டம் சரியாக இருந்தது. பிறகு சென்சரின் கனெக்டரைக் கழற்றி உள்ளே பார்த்தேன். பச்சைக் களிம்பு இல்லை. ஊசிகள் வளையவில்லை. சென்சரின் இரண்டு ஊசிகளுக்கும் இடையே மீற்றரை வைத்தபோது 1,650 ஓம் காட்டியது. காலை வெப்பநிலை ஏறத்தாழ 31 பாகை. சரியான அளவு.

பிறகு சாவியை ஓன் செய்து, எஞ்சினை இயக்காமல், வயர்ப் பக்கக் கனெக்டரில் வோல்ற் பார்த்தேன். போகும் வயருக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையே 5 வோல்ற். போகும் வயருக்கும் திரும்பும் வயருக்கும் இடையேயும் 5 வோல்ற். இந்த இடத்தில்தான் பலர், "வயர் நல்லது" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் டிஜிட்டல் மீற்றர் மிகச் சொற்ப மின்சாரத்தையே எடுக்கும். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 5 வோல்ற் என்றே காட்டும். நூலளவு தொங்கும் பாலத்தைத் தூரத்தில் நின்று பார்த்தால் பாலமாகத்தான் தெரியும். அதில் ஆள் நடக்க வேண்டும்.

நடக்க விடுவதற்கு ஒரு எளிய வழி உண்டு. வயர்ப் பக்கக் கனெக்டரின் இரண்டு ஓட்டைகளையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணைத்துவிட வேண்டும். சென்சர் மிகமிகச் சூடாகிவிட்டது என்று கொம்பியூட்டர் நினைத்து, இலக்கம் 'கூட'வில் இருந்து 'குறைவு'க்கு மாறவேண்டும். மாறினால் கொம்பியூட்டர் நல்லது, அந்தக் கணத்தில் இரண்டு வயர்களும் நல்லவை. (இரண்டு வயர் உள்ள வெப்பநிலைச் சென்சருக்கு மட்டும்தான் இதைச் செய்யலாம். மூன்று வயர் உள்ள அமுக்கச் சென்சர்களில் இப்படி இணைத்தால் வேறு சேதம் வரும்.) நான் இணைத்ததும் திரையில் இலக்கம் மாறியது. ஆறு லட்சம் பெறுமதியான கொம்பியூட்டர் உயிரோடு இருக்கின்றது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குளக்கட்டில் குந்திவிட்டார்.

இணைத்த வயரை அப்படியே விட்டு, மீற்றரின் ஒரு முனையைப் போகும் வயரிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துக் கிளிப் போட்டேன். மீற்றர் பூச்சியம் காட்டியது. சென்சரில் தொடங்கி, வயர்க் கட்டை ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து மெதுவாக வளைத்து அசைத்துக்கொண்டு போனேன். தம்பி மீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சினின் பின்பக்கத்தில், கட்டு ஒரு இரும்புத் தாங்கியைச் சுற்றி வளையும் இடத்தில் கை வைத்ததும், "அக்கா, அஞ்சு!" என்று சத்தம் போட்டார். விட்டதும் பூச்சியம். வளைத்ததும் ஐந்து.

ஐந்து வந்தது என்பதால் எந்த வயர் என்பதும் தெரிந்துவிட்டது. போகும் வயர் அறுந்திருந்தால், என் மீற்றரின் முனை திரும்பும் வயருடன் இணைந்து பூச்சியத்திலேயே நின்றிருக்கும். ஐந்து ஏறியதால் போகும் வயர் நல்லது. திரும்பும் வயர்தான் விடுபடுகின்றது.

சாவியை ஓவ் செய்து, பற்றரியின் ஏர்த்தைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் இருந்த நெளிந்த பிளாஸ்ரிக் குழாயைத் திறந்தேன். கட்டைத் தாங்கியுடன் பிடித்து வைத்திருக்கும் றப்பர் கிளாம்ப் இருந்த இடத்தில் ஆணியின் ஓட்டை மட்டுமே இருந்தது. கிளாம்ப் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. பிடி இல்லாத கட்டு, இயந்திரம் ஆடிய ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் மடிந்து மடிந்து நிமிர்ந்திருக்கின்றது. வயரின் தோல் வெளியே பார்க்க முழுமையாகவே இருந்தது. இரண்டு விரல்களால் இழுத்தபோது மட்டும் றப்பர் போல நீண்டது. உள்ளே செம்பு இல்லாத இடத்தில்தான் வயர் அப்படி நீளும். வெட்டிப் பார்த்தபோது இழைகள் எல்லாம் கறுத்து அறுந்து, இரண்டோ மூன்றோ மட்டும் ஒன்றுடன் ஒன்று முட்டிக்கொண்டிருந்தன. காலையில் முட்டும். எஞ்சின் சூடாகி, குழாய் இளகி, பெக்கோ திரும்பித் திரும்பி மண் கொட்டும்போது விலகும். தம்பி சொன்ன பத்து மணிக் கதைக்கு விளக்கம் அதுதான்.

பழுதான துண்டை வெட்டி எடுத்து, அதே தடிப்பில் ஒரு வயர்த் துண்டை இரு பக்கமும் குழாய் இணைப்பால் நெரித்துப் பொருத்தி, மேலே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடாக்கினேன். வயரைக் கையால் முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றுவது எமது கராஜ்களில் சாதாரணம். வீட்டு வானொலிக்கு அது போதும். அதிர்ந்துகொண்டே இருக்கும் எஞ்சினில் அது ஒரு மழைக்காலத்துக்குத் தாக்குப்பிடிக்காது. ஈரம் புகுந்து செம்பு பச்சையாகிவிடும். பிறகு கட்டைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, புதிய றப்பர் கிளாம்ப் ஒன்றைப் போட்டு இறுக்கினேன். அன்றைய வேலையில் முக்கியமான பொருள் எது என்று கேட்டால் அந்தக் கிளாம்பைத்தான் சொல்வேன். அது இல்லாவிட்டால் அடுத்த வருடமும் அதே இடத்தில் அறும்.

கடைசியாக, கொம்பியூட்டர்ப் பக்கக் கனெக்டரையும் கழற்றி, திரும்பும் வயரின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்குத் தடை பார்த்தேன். அது 10 ஓமுக்குக் குறைவாக இருக்கவேண்டும். ஒரு ஓமுக்கும் குறைவாக இருந்தது. போகும் வயரையும் அப்படியே பார்த்துவிட்டு, அது இரும்பில் எங்கும் முட்டவில்லை என்பதையும் உறுதிசெய்தேன். அந்த அளவு ஒரு லட்சம் ஓமுக்கு மேல் இருக்கவேண்டும். தடை பார்க்கும்போது சுற்றில் மின்சாரம் இருக்கக்கூடாது. மீற்றரின் தடித்த முனையைக் கனெக்டரின் ஓட்டைக்குள் அமுக்கித் திணிக்கவும் கூடாது. ஓட்டை அகன்றுவிட்டால் நாங்களே ஒரு புதிய பழுதை உண்டாக்கியவர்கள் ஆவோம்.

எல்லாவற்றையும் பூட்டி, பழைய இலக்கத்தை அழித்துவிட்டு எஞ்சினை இயக்கினோம். தம்பி இரண்டு மணித்தியாலம் கட்டில் மண் போட்டார். திரையில் வெப்பநிலை மெல்ல மெல்ல ஏறி, 84 க்கும் 88 க்கும் இடையில் நின்றது. விசிறியின் இரைச்சல் அடங்கியிருந்தது. நிறுத்தியவுடன் சென்சரை அளந்தேன். 300 ஓமுக்குச் சற்றுக் குறைவு. காலையில் 1,650 ஆக இருந்ததுதான் அது.

உரிமையாளர்கள் கேட்க வேண்டியவை

மெக்கானிக் வேலை எல்லோரும் செய்யவேண்டும் என்பதல்ல. ஆனால் இயந்திரம் வைத்திருக்கும் சகோதரிகள் "சென்சர் மாத்தவேணும்" என்று யாராவது சொன்னால், "ஓம் எவ்வளவு காட்டினது?" என்று கேளுங்கள். "கொம்பியூட்டர் போட்டுது" என்றால், "கனெக்டரை இணைச்சுப் பாத்தீங்களோ, இலக்கம் மாறினதோ?" என்று கேளுங்கள். அளந்தவர் உடனே ஒரு எண்ணைச் சொல்வார். அளக்காதவர் கோபிப்பார். நல்ல மெக்கானிக்குகள் இந்தக் கேள்விகளால் மனம் நோவதில்லை. கழற்றிய பொருளைத் திருப்பித் தரும்படியும் கேளுங்கள். அது உங்கள் பணம்.

தேர்மோஸ்ரற்றைக் கழற்றி வீசிவிட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்கவேண்டாம். தேவையான சூடு ஏறாத எஞ்சின் டீசலைக் கூடக் குடித்து, விரைவில் தேய்ந்துவிடும்.

கொம்பியூட்டர் உண்மையாகவே பழுதடைவதும் உண்டு. எமது பகுதியில் நான் கண்ட காரணம் பெரும்பாலும் ஒட்டு வேலைதான். பக்கற்றின் பல் கழன்றுவிட்டது என்று குளத்தடியிலேயே வெல்டிங் செய்வார்கள். அதற்கு முன்னர் பற்றரியைக் கழற்றுங்கள். கைநூல் சொன்னால் கொம்பியூட்டரின் கனெக்டரையும் கழற்றுங்கள். வெல்டிங் ஏர்த்தை ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் நிற்கும் இயந்திரத்தில் எலி கூடு கட்டும், வயரைக் கடிக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது மூடியைத் திறந்து பாருங்கள். அமுக்கத் தண்ணீரால் கழுவும்போது கனெக்டர்களுக்கு நேரே பீச்சி அடிக்க விடாதீர்கள்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மீற்றர், ஒரு கண்ணாடி வெப்பமானி, ஒரு கொப்பி. இவ்வளவும் இருந்தால் இந்த அளவீடுகளில் பெரும்பாலானவற்றை நீங்களே எடுக்கலாம். இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போதே காலையில் ஒன்று, வேலை முடிந்து ஒன்று என்று சென்சரின் ஓமை அளந்து எழுதி வையுங்கள். பழுது வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

அன்று மாலை அக்கா தேநீர் ஊற்றித் தந்தார். முதலில் கழற்றிய இரண்டு சென்சர்களும் தம்பியின் ஆயுதப் பெட்டிக்குள் கிடந்தன. இரண்டையும் வாங்கி, தேநீருக்குக் கொதித்த மிச்சத் தண்ணீரில் வெப்பமானியுடன் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் ஆற ஆற அளந்தோம். அக்காவே மீற்றரைப் பிடித்தார், தம்பி எழுதினார். 75 பாகையில் ஒன்று 370, மற்றது 385. 50 பாகையில் இரண்டும் 800 க்கு மேல். இரண்டும் நல்ல சென்சர்கள். அக்கா ஒன்றைத் துணியில் சுற்றி, எழுதிய தாளுடன் சேர்த்து இயந்திரத்தின் ஆசனத்துக்குப் பின்னால் வைத்தார். மற்றதை அந்தக் கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டி, போட்ட பணத்தில் பாதியையாவது கேட்கப்போவதாகச் சொன்னார். கட்டு வேலை ஒக்ரோபர் இரண்டாம் வாரம் முடிந்தது.